ஊரடங்கில் ஊரைத் தாங்கியவர்கள்

"2020 ஊரடங்கில் பட்டணங்கள் திண்டாடியபோது கிராமங்கள் நிம்மதியாக இருந்தன. நெல், காய்கறி, பால், சொந்தபந்தம் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. கிராமம் யார் தயவும் இல்லாமல் வாழும் என்பதை அந்தக் காலம் காட்டிவிட்டது என்கிறார்களே, உண்மையா? அப்போது ஊரின் கூட்டு வாழ்க்கை எப்படித்தான் இருந்தது?" என்பது கேள்வி.

நான் திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். ஊரக வளர்ச்சித் துறையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரோடு சேர்த்துச் சுற்றுவட்டார ஊராட்சிகளில் 2020, 2021 என்ற அந்த இரண்டு வருடமும் என்ன நடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் பதில்: நிம்மதி இருந்தது என்பது பாதி உண்மை. யார் தயவும் இல்லாமல் வாழ்ந்தது என்பது உண்மையே இல்லை. ஊரைச் சிலர் தாங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோரை ஊர் என்றைக்கும் தன் பெரிய மனிதர்களாக எண்ணியதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி மாலை 6 மணி முதல் தமிழ்நாடு முழுக்க 144 தடை. 25 முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு, அப்புறம் மே 3, மே 17, மே 31 என்று நீட்டித்துக்கொண்டே போனார்கள். டெல்டாவில் அந்த நேரம் எப்படிப்பட்டது என்பது முக்கியம். சம்பா, தாளடி அறுவடை பெரும்பாலும் முடிந்திருந்தது. வீட்டுக்குச் சாப்பாட்டு நெல் எடுத்துவைக்க முடிந்தவர்கள் வைத்திருந்தார்கள். நெல் தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் பறிக்கிற பருவம். விவசாய வேலைக்குத் தடை இல்லை என்று சில நாட்களில் அறிவித்தும்விட்டார்கள். ஆக, பசி உடனே வாசலுக்கு வரவில்லை. இதே ஊரடங்கு ஐப்பசியில் வந்திருந்தால், நடவு முடிந்து கையில் காசும் இல்லாமல் குதிரில் நெல்லும் இல்லாமல் இருக்கும் அந்த மாதங்களில் வந்திருந்தால், "கிராமம் நிம்மதியாக இருந்தது" என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

உளுந்து பறித்தவர்களும் தப்பவில்லை. வாங்க வியாபாரி வரவில்லை. கரையோரத் தோட்டங்களில் வாழைத்தார் மரத்திலேயே பழுத்தது. விழுப்புரம் பக்கம் தர்ப்பூசணியைக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். பூ விவசாயிகள் நிலைமை எல்லாரையும்விட மோசம். கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, பூவைப் பறிக்கக் கொடுக்கும் கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. டீக்கடைகள் மூடியதும் பால் தேங்கியது. கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றியவர்கள் பிழைத்தார்கள், தனியார் வண்டிக்கு ஊற்றியவர்கள் பாலை என்ன செய்வதென்று தெரியாமல் தயிராக்கித் தெருவுக்குக் கொடுத்தார்கள். அந்த வாரங்களில் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் கேட்காமலே வீடு தேடி வந்ததைப் பலர் இனிமையாக நினைவுகூர்கிறார்கள். எனக்கும் அது இனிமைதான். ஆனால் கொடுத்தவர் கையில் அதை விற்க வழி இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கிராமத்துக்குத் தன் எல்லையை அடைத்துக்கொள்வது புதிய பழக்கம் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்ற கட்டு இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகுவதும், அந்த வீட்டில் தாளிக்காமல் சமைப்பதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாட்கள் உள்ளே போகாமல் இருப்பதும் நம் பாட்டிகள் சொல்லிக்கொடுத்தவை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே உண்டு. 1918இல் உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1911க்கும் 1921க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை குறைந்தே போனது. அந்த நூற்றாண்டின் வேறெந்தப் பத்தாண்டிலும் அப்படி நடக்கவில்லை. அந்தக் கதைகள் எழுத்தில் இல்லாவிட்டாலும் ஊரின் பழக்கங்களில் எங்கோ தங்கியிருக்கின்றன.

அதனால் ஊரடங்கு வந்த முதல் வாரத்திலேயே இளைஞர்கள் வேலிக்கருவை முள்ளை வெட்டி ஊர் எல்லையில் போட்டுவிட்டார்கள். மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து வாசல் தெளித்தார்கள். சில ஊர்களில் தண்டோரா போட்டு விதிகளை அறிவித்தார்கள். பறை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர் வழக்கம்போலக் காலனியிலிருந்து, அதாவது பட்டியல் சமூகத்தவர் குடியிருப்பிலிருந்து, வந்தவர்தான். (தண்டோரா போடுவதைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில்தான் தடை செய்தது.) முள்ளுக்கு இந்தப் பக்கம் நம்மவர், அந்தப் பக்கம் நோய் என்று எளிமையான ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு ஏப்ரல் கடைசியில் உடைந்தது. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்கள் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். சில நாட்களில் அந்த மாவட்டங்களில் எண்ணிக்கை ஏறியது. அடுத்து மும்பையிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் யார்? முள்ளைப் போட்டவர்களின் அண்ணன், தம்பி, மச்சான். மாதாமாதம் பணம் அனுப்பி ஊரில் வீட்டுக்குத் தளம் போட்டுக் கொடுத்தவர்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரியை வெளியூரிலிருந்தே கட்டியவர்கள். அவர்களை ஊர் எல்லையில் நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தபோது, பெற்ற தாய் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசினாள். தனிமைப்படுத்தியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களைப் பேசிய பேச்சு சரியில்லை. "அங்கேயே கிடக்க வேண்டியதுதானே" என்று சொன்னவர்கள் வீட்டிலும் அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் அதுவரை அடுப்பு எரிந்தது.

கிராமம் தன் நெல்லில் மட்டும் வாழவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிச் சம்பளம், சென்னையில் கட்டட வேலைக் கூலி, சிங்கப்பூர், துபாய்ப் பணம், முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலை, ரேஷன் இவற்றில்தான் வாழ்கிறது. எங்கள் பகுதியில் நிலமில்லாத குடும்பங்களே அதிகம். அவர்களுக்கு 'சொந்த நெல்' என்பதே கிடையாது. அறுவடையில் மெஷின் வந்த பிறகு கூலி நெல்லும் போய்விட்டது.

இந்த இடத்தில் ரேஷன் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பல மாநிலங்கள் ஏழை என்று பட்டியல் போட்டு அரிசி கொடுத்தபோது, தமிழ்நாடு எல்லாருக்கும் என்ற முறையை விடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசும் இல்லை. அந்தக் கட்டமைப்பு இருந்ததால்தான் 2020 ஏப்ரலில் அரிசி அட்டை வைத்திருந்த ஏறத்தாழ 2 கோடிக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் போய்ச் சேர்ந்தன. மத்திய அரசின் ஆளுக்கு 5 கிலோ கூடுதல் ஒதுக்கீடும் அதே கடை வழியாகத்தான் வந்தது. டோக்கன் எழுதி வீடுவீடாகக் கொடுத்தது யார்? கடை விற்பனையாளர்தான். சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வெயிலில் வரிசையை நிறுத்தி, "அக்கா கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று தொண்டை கட்டக் கத்தி, ஊர் முழுக்கத் தொட்ட பணத்தையும் அட்டையையும் தானும் தொட்டு வேலை பார்த்தவர் அவர். எடை குறைவு என்று வருடம் முழுக்க அவரோடு சண்டை போடுகிற ஊர், அந்த மாதங்களில் அவரை நம்பித்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து நெல்தான் நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டு, அரவைக்குப் போய், அரிசியாகி, ரேஷன் கடைக்குத் திரும்புகிறது. இடையில் சுமைதூக்குபவர், லாரி ஓட்டுநர், அரவை ஆலைத் தொழிலாளி, கிடங்குக் காவலாளி என்று எத்தனை கைகள். இதைத் தன்னிறைவு என்று சொல்வதைவிட நெடுந்தூரம் நீண்ட ஓர் ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு உடையாமல் இருந்தது என்பதே நம் அதிர்ஷ்டம்.

ஊரைத் தாங்கியதில் இரண்டாவது, ஊராட்சி. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று வருடத்துக்கும் மேலாகத் தேர்தலே இல்லை, தனி அலுவலர்கள் நிர்வாகம். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 6ஆம் தேதி புதிய தலைவர்கள் பதவியேற்றார்கள். மூன்று மாதம்கூட முடியவில்லை, ஊரடங்கு வந்துவிட்டது. பலர் முதல்முறை தலைவர்கள். இடஒதுக்கீட்டின்படி பாதிப் பேர் பெண்கள். காசோலையில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கற்றுக்கொண்டிருந்த நேரத்தில் பிளீச்சிங் பவுடர் வாங்குவது, கைத்தெளிப்பான் வாடகைக்கு எடுப்பது, திரும்பி வந்தவர்கள் பட்டியல் எழுதுவது, இரவு 11 மணிக்கு வரும் ஃபோனுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்கள் தலையில். வார்டு எல்லை மறுவரையறை காரணமாக விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தென்காசி, திருநெல்வேலி, செங்கல்பட்டு உட்பட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. அதாவது அந்த மாவட்டங்களின் ஊராட்சிகள் இரண்டு அலைகளையும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர்கூட இல்லாமல் கடந்தன. இதைப் பற்றிப் பேசுவோர் ரொம்பக் குறைவு. என் துறை அனுபவத்தில் சொல்கிறேன்: நல்லவரோ கெட்டவரோ, வாசலில் போய்க் கூப்பிட ஓர் ஆள் இருப்பது ஆபத்துக் காலத்தில் பெரிய விஷயம். மூன்று ஊராட்சிகளுக்குச் சேர்த்துப் பொறுப்பு பார்க்கும் அதிகாரியை நள்ளிரவில் யாரும் எழுப்ப முடியாது.

ஊர்க் கூட்டு வாழ்க்கை என்று பெருமையாகச் சொல்லும்போது எங்கே கோடு விழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அதே 2020இல், ஆகஸ்ட் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்த பிறகுதான் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சமூகப் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் அக்டோபரில் வெளியானது. கிருமி எல்லாரையும் சமமாக்கிவிட்டது என்று மேடையில் சொல்லிக்கொண்டிருந்த வருடம் அது. எங்கள் பகுதியிலும் அரிசி மூட்டை கொடுத்த இளைஞர் குழுக்கள் ஊர்த் தெருவுக்கு ஒரு பட்டியல், காலனிக்கு ஒரு பட்டியல் என்றுதான் வைத்திருந்தன. இரண்டு தெருவுக்கும் ஒரே பட்டியல் போட்ட குழுக்களும் இருந்தன. 2018 நவம்பர் கஜா புயலில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் அப்படிச் செய்தார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

கஜாவையும் கொரோனாவையும் எங்கள் பக்கத்து மக்கள் எப்போதும் சேர்த்தே பேசுவார்கள். கஜாவில் கூரை போயிற்று, தென்னை போயிற்று, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில், கோயில் வாசலில் ஒரே அடுப்பு மூட்டி ஊரே சாப்பிட்டது. ஒரு வீட்டில் அழுதால் பத்துப் பேர் போய் உட்கார்ந்தார்கள். ஆபத்து வந்தால் கூடு, இதுதான் கிராமம் தலைமுறை தலைமுறையாகக் கற்ற ஒரே வழி. கொரோனா வந்து கூடாதே என்றது. மற்ற கஷ்டங்களை மக்கள் தாங்கினார்கள், இதைத்தான் தாங்க முடியவில்லை.

சாவு வீட்டில்தான் அது உறைத்தது. இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று விதி. எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் பந்தல் போடுவதிலிருந்து பாடை கட்டுவது, பறை, ஒப்பாரி, மறுநாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதிவரை எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கும். அந்த வேலைகள்தான் துக்கத்தைச் சுமக்கின்றன. வயதான பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு பாடும் ஒப்பாரி இல்லாமல், தெருமுனையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள், வருடங்கள் கழித்தும் "அந்தச் சாவுக்கு நான் அழவே இல்லை" என்று சொல்கிறார்கள். சென்னையில் இருந்த மகனுக்கு இ-பாஸ் கிடைக்கத் தாமதமாகி, அம்மாவின் முகத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த வீடுகள் உண்டு. 2021 இரண்டாம் அலையில் இன்னும் கொடுமை. மருத்துவமனையில் இறந்தவர்களை உறையில் சுற்றியபடியே எரித்தார்கள், புதைத்தார்கள். பல குடும்பங்கள் பிறகு தனியாகப் படம் வைத்துப் படைத்து, உறவைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, விட்டுப்போன சடங்கை முடித்தன. மனம் எவ்வளவு காலம் அதைச் சுமந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

திருவிழாக்கள் நின்றதையும் பலர் பக்தி சம்பந்தப்பட்ட வருத்தமாக மட்டும் பார்க்கிறார்கள். மதுரையில் 2020 மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பட்டர்களை மட்டும் வைத்து நடந்து, மக்கள் வீட்டில் திரையில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. ஊர்களில் காப்புக் கட்டிவிட்டுப் பாதியில் நிறுத்திய திருவிழாக்களும் உண்டு. ஆனால் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி என்பது ஒரு பெரிய கூட்டத்தின் வருடாந்தரச் சம்பாத்தியம். நாகஸ்வரம், தவில், கரகம், நையாண்டி மேளம், பறை, தெருக்கூத்து, வள்ளித் திருமண நாடகம், பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், சீரியல் லைட் கட்டுபவர், சமையல்காரர், பாத்திரம் தேய்ப்பவர், வாணவேடிக்கைக்காரர், பஞ்சுமிட்டாய், வளையல் கடை. இந்த நாலைந்து மாதம் கிடைப்பதை வைத்துத்தான் மீதி வருடம் ஓடும். இரண்டு வருடம் தொடர்ந்து அது போனது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் தவில்காரர்கள் வயலில் நாற்றுக் கட்டு சுமந்ததைப் பார்த்தேன். உழைப்பில் குறைவில்லை. ஆனால் தவில் வாசிக்கும் விரலுக்குப் பத்து வருடப் பயிற்சி இருக்கிறது, அது சேற்றில் இறங்கியது எனக்கு வலித்தது. அவர்களில் சிலர் வாத்தியத்தை விற்றுவிட்டுத் திரும்பவே இல்லை. ஒரு ஊரின் கோயிலில் இன்று ரெக்கார்டிங் ஒலிக்கிறது என்றால் அதன் காரணம் சில இடங்களில் 2020, 2021இல் இருக்கிறது.

முடிதிருத்துபவர்களும் சலவைத் தொழிலாளர்களும் இதே கதைதான். முன்பு களத்தில் நெல் அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதில் அடிமைத்தனமும் இருந்தது, அது ஒழிந்ததே நல்லது. ஆனால் அதற்குப் பதிலாக வந்த கடை, ஒரே அறிவிப்பில் மூடப்பட்டது. கிராமத்துச் சலூன்களை மே 19இல்தான் திறக்க விட்டார்கள். அதுவரை கடையும் இல்லை, களத்து நெல்லும் இல்லை.

பெண்களைப் பற்றி. டாஸ்மாக் மார்ச் 24 மாலை மூடி மே 7இல் திறந்து, உயர் நீதிமன்றம் தடுத்து, உச்ச நீதிமன்றம் அனுமதித்து, மே 16இல் மறுபடி திறந்தது. அந்த ஒன்றரை மாதத்தை "என் கல்யாணத்துக்கு அப்புறம் நான் பார்த்த நல்ல காலம்" என்று சொன்ன பெண்கள் ஒருவர் இருவர் இல்லை. அதே நேரம் எல்லாரும் வீட்டில் இருந்ததால் சமையல், தண்ணீர், துணி, வயதானவர் பணிவிடை என்று அவர்கள் வேலை இரட்டிப்பானது. கடன் நிற்கவில்லை. ரிசர்வ் வங்கி மார்ச் 27இல் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அவகாசத்தில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் அந்தப் பெண்களிடம் விளக்கிச் சொல்லவில்லை. ஜூனிலேயே குழுக் கடன் வசூல்காரர்கள் வீட்டு வாசலில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டும். அண்டை வீட்டு நட்பு எங்கே உடைந்தது என்று கேட்டால், எங்கள் பகுதியில் நோயைவிட இந்தக் கடனில்தான் அதிகம் உடைந்தது என்பேன். மகளிர் குழுக்களே வீட்டுத் தையல் மெஷினில் முகக்கவசம் தைத்து ஊராட்சிக்குக் கொடுத்ததும் அதே மாதங்களில்தான்.

நூறு நாள் வேலை மறுபடி தொடங்கியபோது ஊர் மூச்சு விட்டது. அந்த ஏப்ரல் முதல் தமிழ்நாட்டுக்கான கூலி 229இலிருந்து 256 ரூபாயாக ஆகியிருந்தது. படித்த பையன்கள்கூட அட்டையில் பெயர் சேர்க்க வந்தார்கள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு குறித்த தேதியில் திறந்த தண்ணீர். வாய்க்கால் தூர்வாரலும் குறுவை நாற்றங்காலும் ஒன்றாக நடந்தன. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருந்த இளைஞர்கள் வரப்பு வெட்டினார்கள், அப்பாவோடு நாலு வார்த்தை பேசினார்கள். பிள்ளைகள் குளத்தில் நீச்சல் கற்றார்கள். திண்ணையில் தாயமும் பல்லாங்குழியும் திரும்பி வந்தன. இந்த இரண்டு மூன்று மாதச் சந்தோஷம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பலருக்குத் தங்கள் ஊரின் வாய்க்கால் பெயர்களே அப்போதுதான் தெரிந்தன. செப்டம்பர் 7இல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியதும் அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். போனதில் தவறு இல்லை. தங்கியிருந்தால் கொடுக்க ஊரில் வேலை இல்லை.

பிள்ளைகள் விஷயம்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியாதது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திரும்பக் காலெடுத்து வைத்தார்கள். ஒன்றரை வருடத்துக்கும் மேல். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வீட்டில் ஒரு ஃபோன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். எட்டாம் வகுப்பில் விட்ட பையன் பெயிண்ட் அடிக்கப் போனான். பத்தாம் வகுப்பு முடிக்காத பெண்ணை, செலவில்லாமல் 50 பேரோடு கல்யாணம் முடிந்துவிடும் என்று தாய்மாமனுக்குக் கட்டிவைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் அறியாமல் இவை நடக்கவில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் படித்த பெண்கள், மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். எழுத்தே மறந்துபோன மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மீட்டதில் அவர்கள் பங்கு பெரிது. ஆனால் கல்யாணமாகிப் போன பெண்ணை எந்தத் திட்டத்தாலும் திருப்பிக் கூட்டிவர முடியவில்லை.

இரண்டாம் அலை பற்றிச் சுருக்கமாக. 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. முதல் அலையில் செய்தியாக இருந்த நோய் இப்போது தெருவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப மாட்டார்கள் என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்தார்கள். நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17இல், மாரடைப்பால் இறந்ததும் தடுப்பூசி முகாம்கள் வெறிச்சோடின. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பிறகு சொன்னது, ஆனால் அதற்குள் பல உயிர் போய்விட்டது. அந்தப் பயத்தைக் கரைத்தது எந்த விளம்பரமும் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தினமும் அதே வாசலில் போய் நின்று, "நான் போட்டுக்கிட்டேன் பெரியம்மா, என்னைப் பாருங்க" என்று சொன்னதுதான். பிரசவத்தில் தொடங்கி எத்தனையோ வருடம் அந்த வீட்டுக்குப் போய் வந்த உறவு அது. புதிதாக ஒருவரை அனுப்பியிருந்தால் கதவே திறந்திருக்காது.

கடைசியாக, தூய்மைக் காவலர்களும் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்களும். தொற்று வந்த வீட்டுக் குப்பையை எடுத்தவர்கள், தெளிப்பான் முதுகில் சுமந்தவர்கள், ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள். தூய்மைக் காவலருக்கு மாதச் சம்பளம் அப்போது 4,000 ரூபாய்கூட இல்லை. சில ஊர்களில் அவர்களுக்கு மாலை போட்டுக் காலைக் கழுவிப் படம் எடுத்தார்கள். அடுத்த மாதச் சம்பளம் தேதிக்கு வந்ததா என்று அதே ஆட்கள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு பேர் சேர்ந்து ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் அசையாத கோப்பு இல்லை, இதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஊர் கூடிப் பேச வேண்டிய இடம் கிராம சபை. 2020இல் மே 1 கூட்டமும் அக்டோபர் 2 கூட்டமும் நடக்கவில்லை. அக்டோபர் கூட்டத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். டாஸ்மாக் திறந்திருந்தது, பஸ் ஓடியது, சபைக்கு மட்டும் தொற்று பயம். 2021 அக்டோபர் 2இல்தான் மறுபடி கூடியது. மதுரை மாவட்டம் பாப்பாபட்டியில் முதலமைச்சர் கலந்துகொண்டது அந்த நாளில்தான். இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று ஆகியிருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் ஊரில் யார் யார் இறந்தார்கள், யார் பள்ளியை விட்டார்கள், எந்தக் குடும்பம் நிலத்தை அடகு வைத்தது, யார் வீடுவீடாகப் போய் உதவினார்கள் என்று ஒரு தீர்மானம், ஒரு பட்டியல் எழுதிவைத்த ஊராட்சியை எங்கள் பகுதியில் நான் பார்க்கவில்லை. அடுத்த முறை வெள்ளமோ காய்ச்சலோ வரும்போது எந்த வீட்டில் தனியாக இருக்கும் கிழவி, எந்த வீட்டில் டயாலிசிஸ் செய்பவர், யாரிடம் வண்டி, யாருக்கு ஊசி போடத் தெரியும் என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருந்தால் போதும், முதல் வாரத்தின் பாதிக் குழப்பம் இருக்காது. அதற்கு அரசாணை தேவையில்லை, ஊராட்சிச் செயலரும் நாலு இளைஞர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எழுதிவிடலாம்.

உங்கள் ஊர் அந்த நாட்களை எப்படிக் கடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். ரேஷன் கடைக்காரர், தொட்டி இயக்குபவர், செவிலியர், குழுத் தலைவி, மேளக்காரர், பள்ளிக்கூடத்தில் தனிமையில் இருந்துவிட்டு வந்த பையன், இவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். காலனியிலும் ஊர்த்தெருவிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் வீட்டுக்கு அரிசி யார் கொண்டுவந்தார்கள், எத்தனாவது நாள் கொண்டுவந்தார்கள்?